எண்ணுக்கு முன் அமைப்பு: போட்டித் தேர்வர்களுக்கான பொருளாதார, நடப்பு நிகழ்வு வழிகாட்டி

போட்டித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குகிறவர்களில் பலர் பொருளாதாரத்தைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறார்கள். நாள்தோறும் மாறும் எண்களின் குவியலாகவே அது அவர்களுக்குத் தெரிகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி விகிதம் மாறிய தேதிகளையும் மாதாந்திரப் பணவீக்க எண்களையும் ஒரு நோட்டு முழுக்க எழுதி மனப்பாடம் செய்தேன். தேர்வில் வந்த வினாவோ, சில்லறைப் பணவீக்கத்தை வெளியிடும் அலுவலகம் எது, அதன் கணக்கில் எந்தப் பொருட்குழுவுக்கு எடை அதிகம் என்பதைப் பற்றியது. இரண்டுக்கும் என் நோட்டில் விடை இல்லை. அதன் பிறகு படிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டேன். எண் மாதந்தோறும் மாறும். அதை வெளியிடும் அமைப்பும், கணக்கிடும் முறையும், அதற்குப் பின்னுள்ள சட்டமும் அரிதாகவே மாறும். ஆகவே முதலில் அமைப்பையும் முறையையும் படித்துவிட்டு, அதன்மேல் அன்றைய எண்ணைப் பொருத்த வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத்தான் படிப்படியாக விளக்குகிறது.

முதற்படி: எழுதப்போகும் தேர்வின் வினாவை அறிதல்

ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் முதல் தாளில் 100 வினாக்களுக்கு 200 மதிப்பெண்கள். தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். அங்கே பொருளாதாரம் பெரும்பாலும் கூற்றுகளாகவே வரும். இரண்டு அல்லது மூன்று கூற்றுகளைக் கொடுத்து அவற்றில் எத்தனை சரி என்று கேட்கும்போது, ஒரு கூற்று அரைகுறையாகத் தெரிந்தாலும் பயனில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 வினாக்களுக்கு 300 மதிப்பெண்கள். அவற்றில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தவறுக்குக் கழிவு கிடையாது. பொருத்துக, கூற்று–காரணம், நேரடி வினா ஆகிய மூன்று வகைகளும் கலந்து வரும். வங்கித் தேர்வுகளில் ரிசர்வ் வங்கியின் விதிமுறைகளும் நிதித்துறை அமைப்புகளும் கூடுதலாக இடம்பெறும்.

கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களை எடுத்து, பொருளாதார வினாக்களை மட்டும் ஒரு தாளில் வெட்டி ஒட்டுங்கள். இதற்கு இரண்டு நாள் போதும். எந்தப் பாடத்தை எவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

தமிழ்வழியில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. டிஎன்பிஎஸ்சி வினாத்தாளில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று அச்சிட்டிருக்கும். 'நிதிக் கொள்கை' என்ற சொல்லை ஒரு நூல் அரசின் வரவு செலவுக் கொள்கைக்கும், இன்னொரு நூல் ரிசர்வ் வங்கியின் கொள்கைக்கும் கையாளுகிறது. எனவே உங்கள் குறிப்பேட்டில் ஃபிஸ்கல், மானிட்டரி போன்ற மூலச் சொற்களைத் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இந்தக் கட்டுரையில் நிதிக் கொள்கை அரசினுடையது, பணக் கொள்கை ரிசர்வ் வங்கியினுடையது என்று கொள்க.

இரண்டாம் படி: ஆறு வார அடித்தளம்

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 11, 12ஆம் வகுப்புப் பொருளியல் நூல்களே தொடங்கப் போதுமானவை. 11ஆம் வகுப்பு நூலில் இந்தியப் பொருளாதாரமும் தமிழ்நாட்டுப் பொருளாதாரமும் உள்ளன. 12ஆம் வகுப்பு நூலில் தேசிய வருமானம், பணம், வங்கியியல், பன்னாட்டு வணிகம், அரசு நிதி ஆகியவை உள்ளன. இந்த ஆறு வாரத்தில் செய்தித்தாளின் பொருளாதாரப் பக்கத்தைப் படிக்காவிட்டாலும் இழப்பில்லை. கலைச்சொற்கள் தெரியாமல் அதைப் படிப்பதில் ஓடும் நேரம் வீண்.

பாடநூலைப் படிக்கும்போதே மூன்று வேறுபாடுகளை மனத்தில் உறுதியாகப் பதிக்க வேண்டும். இவற்றைக் குழப்பிக்கொள்பவர் எத்தனை மாதச் செய்திகளைப் படித்தாலும் கூற்று வினாக்களில் தடுமாறுவார்.

முதல் வேறுபாடு, இருப்புக்கும் ஓட்டத்துக்கும் உள்ளது. ஏரியில் இன்று தேங்கியுள்ள நீர் இருப்பு; இந்த ஆண்டு வாய்க்கால் வழியே ஏரிக்குள் வந்த நீர் ஓட்டம். அரசின் மொத்தக் கடன் இருப்பு. நிதிப் பற்றாக்குறை, அதாவது அரசின் செலவு வரவை மிஞ்சும் தொகை, ஓராண்டின் ஓட்டம். பற்றாக்குறை குறைந்தால் கடன் குறையும் என்ற கூற்று தவறு. பற்றாக்குறை இருக்கும் வரை கடன் கூடிக்கொண்டேதான் இருக்கும், கூடும் வேகம் மட்டுமே குறையும்.

இரண்டாவது, சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் உள்ளது. ரெப்போ விகிதம் 6.50 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதமாகக் குறைந்தால், குறைவு 0.25 சதவீதப் புள்ளி, அதாவது 25 அடிப்படைப் புள்ளிகள். அதை 0.25 சதவீதக் குறைவு என்று எழுதுவது கணக்கின்படி பிழை.

மூன்றாவது, நடப்பு விலைக்கும் நிலையான விலைக்கும் உள்ளது. ஓர் ஆலை சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் 100 வேட்டிகளையே நெய்து, வேட்டியின் விலை மட்டும் 500 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக உயர்ந்தால், நடப்பு விலையில் உற்பத்தி 10 சதவீதம் வளர்ந்ததாகத் தோன்றும். நிலையான விலையில் வளர்ச்சி சுழியம். செய்திகளில் வரும் பொருளாதார வளர்ச்சி விகிதம் பெரும்பாலும் நிலையான விலையில் சொல்லப்படுவது. பற்றாக்குறையை நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் சதவீதமாகச் சொல்லும்போதோ நடப்பு விலையே அடிப்படை.

மூன்றாம் படி: ஒரே செய்தியை முழுமையாகப் பிரித்தல்

அடித்தளம் முடிந்ததும் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அதன் வேர் வரை செல்லுங்கள். ரெப்போ விகிதச் செய்தி இதற்கு மிகவும் ஏற்றது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.00 சதவீதத்திலிருந்து 5.50 சதவீதமாகக் குறைத்தது. இந்த ஒரு வரியிடம் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்: முடிவெடுத்தது யார், எந்தச் சட்டத்தின்படி, எதை அளந்து, எதை அடைவதற்காக, முன்பு எப்படி இருந்தது.

முடிவெடுத்தது பணக் கொள்கைக் குழு. 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தை 2016இல் திருத்தி இக்குழுவை அமைத்தார்கள். ஆறு உறுப்பினர்களில் மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூவர் ஒன்றிய அரசு நியமிப்பவர்கள். வாக்குகள் சமமானால் ஆளுநருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை கூட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடுகிறது. சட்டம் சொல்லும் எண்ணும் நடைமுறையில் உள்ள எண்ணும் வேறுபடும் இத்தகைய இடங்களைக் குறிப்பேட்டில் அடிக்கோடிடுங்கள். வினா அமைப்பவர்கள் இவற்றை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

குழு அளந்து பார்ப்பது நுகர்வோர் விலைக் குறியீட்டெண் அடிப்படையிலான பணவீக்கம். இலக்கு 4 சதவீதம், இருபுறமும் 2 சதவீதப் புள்ளி வரை விலகலாம். இந்த இலக்கைத் தீர்மானிப்பது ரிசர்வ் வங்கி அன்று. வங்கியுடன் கலந்து ஒன்றிய அரசே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தீர்மானிக்கிறது. 2016 ஆகஸ்டில் முதலில் அறிவித்த இலக்கை 2021 மார்ச்சில் மேலும் ஐந்தாண்டுக்கு அப்படியே நீட்டித்தார்கள். தொடர்ந்து மூன்று காலாண்டுகளுக்குப் பணவீக்கம் 2–6 என்ற எல்லையைத் தாண்டினால், காரணத்தையும் தீர்வையும் விளக்கி ரிசர்வ் வங்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும். 2022இல் இது முதன்முறையாக நிகழ்ந்தது. அந்த ஆண்டு மே மாதம், வழக்கமான கூட்டத்துக்கு வெளியே கூடிய குழு 4.00 சதவீதத்திலிருந்த ரெப்போவை உயர்த்தத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.50 வரை கொண்டு சென்றது.

அதன் பிறகு ஏறத்தாழ இரண்டாண்டுகள் அந்த எண் அசையவில்லை. 2025 பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் 5.50 என்று இறங்கியது. ஜூனில் விகிதத்தை அரை சதவீதப் புள்ளி குறைக்கத் துணிந்ததற்கான காரணம், அதற்குமுன் வெளியாகியிருந்த ஏப்ரல் மாதப் பணவீக்கம் 3.16 சதவீதமாக, இலக்குக்குக் கீழே இருந்ததுதான். அதே நாளில் ரொக்க இருப்பு விகிதத்தையும் 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக நான்கு தவணைகளில் குறைப்பதாக அறிவித்தார்கள். குழுவின் நிலைப்பாட்டையோ, ஏப்ரலில் ஏற்றிருந்த தளர்வான நிலையிலிருந்து மீண்டும் நடுநிலைக்கு மாற்றினார்கள். விகிதம் குறைகிறது, நிலைப்பாடு மட்டும் நடுநிலைக்குத் திரும்புகிறது என்பது முரண்போலத் தோன்றலாம். இனிக் குறைப்பதற்கு அதிக இடமில்லை, அடுத்த முடிவு தரவுகளைப் பொறுத்தது என்பதே அதன் பொருள்.

இங்கே ரெப்போவையும் ரொக்க இருப்பு விகிதத்தையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். அரசுப் பத்திரங்களை ஈடாகப் பெற்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலத்துக்குக் கடன் தரும் வட்டியே ரெப்போ. அது பணத்தின் விலையை மாற்றுகிறது. வங்கிகள் தங்கள் வைப்புகளில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியிடம் வட்டியின்றி வைத்திருக்க வேண்டிய அளவே ரொக்க இருப்பு விகிதம். அது பணத்தின் அளவை மாற்றுகிறது. சட்டபூர்வ நீர்மை விகிதமோ வங்கிகள் அரசுப் பத்திரம், தங்கம், ரொக்கம் ஆகியவற்றில் தம்மிடமே வைத்திருக்க வேண்டிய அளவைக் குறிக்கும்.

ரெப்போ குறைந்தால் உங்கள் வீட்டுக் கடன் தவணை ஏன் குறைகிறது என்று வீட்டில் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். 2019 அக்டோபர் முதல், வங்கிகள் மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தக் கண்ணி விளங்கினால் நீங்கள் செய்தியை முழுமையாகப் படித்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

நான்காம் படி: குறியீட்டெண்களையும் வளர்ச்சிக் கணக்கையும் கையாளுதல்

பணவீக்கம் என்று ஒரே சொல்லில் நாம் குறிப்பது உண்மையில் பல அளவைகளை. நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் புள்ளியியல் அமைச்சகத்தின் கீழுள்ள தேசியப் புள்ளியியல் அலுவலகம் பொதுவாக மாதத்தின் 12ஆம் நாள் வெளியிடுகிறது. மொத்த விலைக் குறியீட்டெண்ணை வணிகம், தொழில் அமைச்சகத்தின் பொருளாதார ஆலோசகர் அலுவலகம் மாத நடுவில் வெளியிடுகிறது. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் குறியீட்டெண் தொழிலாளர் அமைச்சகத்தின் தொழிலாளர் பணியகத்திலிருந்து வருகிறது; அரசு ஊழியர்களின் அகவிலைப்படிக்கு இதுவே அடிப்படை. மூன்று அமைச்சகங்கள், மூன்று குறியீடுகள். பொருத்துக வினாவுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

எடைகளைப் பாருங்கள். 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை 45.86 சதவீதம். 2011–12ஐ அடிப்படையாகக் கொண்ட மொத்த விலைக் குறியீட்டில் உற்பத்திப் பொருள்களின் எடை 64.23 சதவீதம், அதில் சேவைகளே இல்லை. தக்காளி விலை ஏறினால் முதல் குறியீடு துள்ளுவதும், உலகச் சந்தையில் உலோக விலை ஏறினால் இரண்டாவது துள்ளுவதும் இதனால்தான். நுகர்வோர் குறியீட்டுக்கு 2024ஐயும் உள்நாட்டு உற்பத்திக் கணக்குக்கு 2022–23ஐயும் புதிய அடிப்படை ஆண்டுகளாகக் கொள்வதெனப் புள்ளியியல் அமைச்சகம் முடிவெடுத்தது. ஆகவே எடையை எழுதும்போது அது எந்தத் தொடருக்கு உரியது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அடிப்படை ஆண்டு குறிப்பிடாத எடை, தேதியில்லாத செய்தித்தாளைப் போன்றது.

அடிப்படை விளைவு என்ற கருத்தில் மாணவர்கள் வழுக்குவதை அடிக்கடி காண்கிறேன். 2023 ஜூலையில் காய்கறி விலை, குறிப்பாகத் தக்காளி விலை, கடுமையாக உயர்ந்து சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டது. 2024 ஜூலையில் அது 3.54 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. விலைவாசி பாதியாகிவிட்டதா? இல்லை. சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதால், ஒப்பீட்டுக்கு எடுத்த மாதமே உயரத்தில் இருந்தால், இந்த ஆண்டின் ஏற்றம் சிறிதாகத் தெரியும். 2022 ஜூலையில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருட்கூடை 2023 ஜூலையில் 107 ரூபாய் 44 காசு, அதன்மேல் 3.54 சதவீதம் ஏறி 2024 ஜூலையில் ஏறத்தாழ 111 ரூபாய் 24 காசு. விலை ஏறியேதான் இருக்கிறது, ஏறும் வேகம்தான் குறைந்தது. பணவீக்கத் தணிவுக்கும் (ஏற்றத்தின் வேகம் குறைவது) பணவாட்டத்துக்கும் (விலையே இறங்குவது) உள்ள வேறுபாடு இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும்.

உள்நாட்டு உற்பத்தியில் கவனிக்க வேண்டியது மதிப்பீடுகளின் வரிசை. 2023–24ஆம் ஆண்டின் வளர்ச்சியை 2024 ஜனவரியில் வந்த முதல் முன்கூட்டிய மதிப்பீடு 7.3 சதவீதம் என்றது. பிப்ரவரியின் இரண்டாவது மதிப்பீடு 7.6 என்றது, மே மாதத் தற்காலிக மதிப்பீடு 8.2 என்றது, 2025 பிப்ரவரியின் திருத்திய மதிப்பீடு 9.2 என்றது. நான்கும் ஒரே ஆண்டைப் பற்றியவை. நான்கும் வெளியான நேரத்தில் சரியானவை. நிறுவனங்களின் முழுக் கணக்குகளும் அரசுகளின் இறுதிச் செலவுகளும் பிந்தியே கிடைப்பதால் எண் மாறுகிறது. நாட்டு வளர்ச்சியை எழுதும்போது ஆண்டு, மதிப்பீட்டின் பெயர், வெளியான மாதம் மூன்றையும் ஒரே வரியில் எழுதாவிட்டால், இரண்டு மாத இதழ்களில் இரண்டு எண்களைப் பார்த்துத் தேர்வுக்கு முந்தின இரவு குழம்புவீர்கள். கூட்டப்பட்ட மொத்த மதிப்புடன் (உற்பத்தியில் எல்லாத் துறைகளும் சேர்க்கும் மதிப்பு) பொருள்கள்மீதான வரிகளைக் கூட்டி, மானியங்களைக் கழித்தால் உள்நாட்டு உற்பத்தி கிடைக்கும் என்ற சமன்பாட்டையும் இதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: நிதிநிலை அறிக்கையைத் தானே கணக்கிடுதல்

நிதிநிலை அறிக்கையைப் பற்றிய பொதுத் தகவல்களை விரைவாகக் கடந்துவிடலாம். அரசமைப்பில் பட்ஜெட் என்ற சொல் கிடையாது. 112ஆவது பிரிவு அதை ஆண்டு நிதி அறிக்கை என்கிறது. மாநிலத்துக்கு இணையான பிரிவு 202. சுதந்திர இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை 1947 நவம்பர் 26 அன்று கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் தாக்கல் செய்தார். 2017 முதல் பிப்ரவரி 1 தாக்கல் நாளாகியது. அதே ஆண்டில் ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டுடன் இணைந்தது, திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவும் மறைந்தது.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் பற்றாக்குறைகளின் கணக்கு. 2025–26 நிதிநிலை மதிப்பீடுகளை எடுத்துக்கொண்டு நீங்களே கழித்துப் பாருங்கள். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். கடன் நீங்கலான வரவு 34.96 லட்சம் கோடி. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 15.69 லட்சம் கோடி. இதுவே நிதிப் பற்றாக்குறை, உள்நாட்டு உற்பத்தியில் 4.4 சதவீதம். அந்த ஆண்டு அரசு திரட்ட வேண்டிய கடனின் அளவும் இதுதான். இதிலிருந்து பழைய கடனுக்கான வட்டியாகிய 12.76 லட்சம் கோடியைக் கழித்தால் 2.93 லட்சம் கோடி மிஞ்சுகிறது. இது முதன்மைப் பற்றாக்குறை. அதாவது ஆண்டு முழுவதும் வாங்கும் கடனில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான தொகை பழைய வட்டிக்குச் சமம். வருவாய் வரவு 34.20 லட்சம் கோடி, வருவாய்ச் செலவு 39.44 லட்சம் கோடி, இடைவெளியாகிய 5.24 லட்சம் கோடி வருவாய்ப் பற்றாக்குறை.

குடும்பக் கணக்கோடு ஒப்பிட்டால் இது எளிதில் பிடிபடும். வீடு கட்டக் கடன் வாங்குவது மூலதனச் செலவுக்கான கடன். மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் கடன் வாங்குவது வருவாய்ப் பற்றாக்குறை. அரசுக்கும் குடும்பத்துக்கும் வேறுபாடுகள் பல உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்; தன் நாணயத்தில் கடன் திரட்டும் அரசுக்கு உள்ள வசதி குடும்பத்துக்கு இல்லை. மானியம், சம்பளம், வட்டி ஆகியவை வருவாய்ச் செலவு என்பதையும், சாலை, பாலம், இயந்திரம் ஆகியவற்றோடு மாநிலங்களுக்குத் தரும் கடனும் மூலதனச் செலவு என்பதையும் பிரித்தறியப் பழகுங்கள். கடன் வாங்குவது அரசுக்கு மூலதன வரவு, அரசு நிறுவனங்களின் பங்கு விற்பனையும் மூலதன வரவு. ஆனால் முன்னது கடனை உருவாக்குகிறது, பின்னது உருவாக்குவதில்லை.

2003இல் இயற்றிய நிதிப் பொறுப்பு, வரவு செலவு மேலாண்மைச் சட்டத்தை இதனுடன் சேர்த்துப் படியுங்கள். 2025–26 அறிக்கை முன்வைத்த மாற்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: இனி நிதிப் பற்றாக்குறைக்குப் பதிலாக, மொத்தக் கடனை 2031 மார்ச்சுக்குள் உற்பத்தியில் ஏறத்தாழ 50 சதவீதத்துக்குக் கொண்டுவருவதே வழிகாட்டும் இலக்கு. ஓட்டத்தை அளப்பதிலிருந்து இருப்பை அளப்பதற்கு அரசு நகர்கிறது என்று, இரண்டாம் படியை ஒழுங்காகப் படித்த ஒருவர் உடனே சொல்லிவிடுவார்.

ஆறாம் படி: ஒன்றியமும் மாநிலமும்

தமிழ்நாட்டுத் தேர்வர்கள் இந்தப் பகுதியைக் கூடுதல் அக்கறையோடு படிக்க வேண்டும். நம் மாநிலத்தின் அரசியல் விவாதங்களில் பாதி இதைச் சுற்றியே நடக்கின்றன. 280ஆவது பிரிவின்கீழ் அமையும் நிதிக்குழு, ஒன்றியம் திரட்டும் பகிர்வுக்குரிய வரிகளில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கிறது. ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14ஆவது குழு 42 சதவீதம் என்றது. என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது குழு, ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பகுதியானதைக் கணக்கில் கொண்டு, 2021–26க்கு 41 சதவீதம் என்றது. 2026–31க்கான 16ஆவது குழுவின் தலைவர் அரவிந்த் பனகாரியா. 15ஆவது குழுவின் பங்கீட்டில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். கணக்கிட்டுப் பாருங்கள்: பகிர்வுக்குரிய 100 ரூபாயில் 41 ரூபாய் மாநிலங்களுக்கு, அதில் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 67 காசு.

அந்தக் குழு கையாண்ட அளவுகோல்களில் வருமான இடைவெளிக்கு 45, 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்புக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் சாதனைக்கு 12.5, காடு மற்றும் சூழலுக்கு 10, வரி முயற்சிக்கு 2.5 என எடை இருந்தது. வருமானத்தில் முன்னேறிய மாநிலத்துக்கு முதல் அளவுகோலே பாதகமாகிறது. செஸ்ஸும் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி) சர்சார்ஜும் (வரிமீது விதிக்கும் வரி) பகிர்வுக்குள் வருவதில்லை என்பதால், 41 சதவீதம் என்பது ஒன்றியத்தின் மொத்த வரி வருவாயில் 41 சதவீதம் ஆகாது. இதை மாற்றிச் சொல்லும் கூற்றை மாதிரித் தேர்வுகளில் திரும்பத் திரும்பக் காணலாம்.

101ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் வந்த ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. 279ஏ பிரிவின்படி அமைந்த மன்றத்தில் ஒன்றியத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு பெரும்பான்மை தேவை. எனவே எல்லா மாநிலங்களும் சேர்ந்தாலும் 66.67 சதவீதமே வரும், ஒன்றியம் இல்லாமல் எதுவும் நிறைவேறாது. ஒன்றியமும் தனித்து இயங்க முடியாது. சட்டமன்றமுள்ள ஒன்றியப் பகுதிகள் உட்பட 31 உறுப்பினரும் வாக்களித்தால், அவர்களில் 20 பேராவது அதனுடன் நிற்க வேண்டும். மன்றத்தின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் நடந்த 56ஆவது கூட்டம், 5, 18 ஆகிய இரண்டை முதன்மை விகிதங்களாகவும், 40ஐ ஆடம்பர, தீங்கு தரும் பொருள்களுக்கான தனி விகிதமாகவும் ஏற்றது. இது செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள், அருந்தும் மது ஆகியவை இன்னும் இதற்கு வெளியே.

ஏழாம் படி: வேளாண்மையும் மாநிலத் திட்டங்களும் அயல்நாட்டுக் கணக்கும்

குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைப்பது வேளாண் செலவு, விலை ஆணையம். ஒப்புதல் தருவது பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு. 22 பயிர்களுக்கு ஆதரவு விலை உண்டு. கரும்புக்கு நியாயமான, ஆதாய விலை தனி. 2025–26 காரிஃப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றியம் அறிவித்தது குவிண்டாலுக்கு 2369 ரூபாய். தமிழ்நாடு அரசு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2500 ரூபாய் தந்தது. தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் உள்ளவர்கள் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் பலகையில் இந்த இரண்டு எண்களின் கூட்டைத்தான் கண்டார்கள்.

மாநிலத் திட்டங்களுக்கு நம்பத்தகுந்த மூலம், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. அது தமிழிலேயே கிடைக்கிறது, சொல்லாட்சியும் வினாத்தாளின் சொல்லாட்சிக்கு நெருக்கமானது. 2025 மார்ச்சில் மாநிலத் திட்டக் குழு முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கென வெளியிட்ட பொருளாதார ஆய்வறிக்கையையும் படியுங்கள். திட்டங்களை எழுதும்போது துறை, பயனாளி, தொகை, தொடங்கிய நாள், இடம் என ஐந்து கட்டங்கள் போதும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய், 2023 செப்டம்பர் 15, காஞ்சிபுரம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15, மதுரை. இரண்டும் அண்ணா பிறந்த நாளில் தொடங்கியவை என்பது நினைவுக்கு ஒரு பிடி.

அயல்நாட்டுக் கணக்குக்கு 1991ஐ வைத்துத் தொடங்குங்கள். அந்நியச் செலாவணி இரண்டு வார இறக்குமதிக்கே தாங்கும் நிலைக்கு இறங்கியதும், 47 டன் அளவுக்குத் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் ஈடு வைத்ததும், ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் நிதிநிலை அறிக்கை அளித்ததும் ஒரே தொடர். சரக்கு வணிகத்தில் பற்றாக்குறை, சேவைகளிலும் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்திலும் உபரி என்பதே இந்திய நடப்புக் கணக்கின் வழக்கமான அமைப்பு.

எட்டாம் படி: குறிப்பேடும் நாட்காட்டியும்

தேதிவாரியாக எழுதும் நடப்பு நிகழ்வு நோட்டைக் கைவிடுங்கள். தலைப்புவாரியாகப் பக்கங்கள் ஒதுக்குங்கள்: பணக் கொள்கைக்கு நான்கு, விலைக் குறியீடுகளுக்கு இரண்டு, நிதிநிலை அறிக்கைக்கு ஆறு, நிதிக்குழுவுக்கும் ஜிஎஸ்டிக்கும் நான்கு, அமைப்புகளுக்குப் பத்து. ஒவ்வொரு பக்கத்தின் இடப்புறம் மாறாதவற்றை மையால் எழுதி, வலப்புறம் மாறுபவற்றைத் தேதியோடு பென்சிலால் எழுதுங்கள். புதிய எண் வந்ததும் பழையதை அழிக்காமல் அதன் கீழே சேருங்கள். உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற போக்கும் வினாவாக வரும்.

பொருளாதாரச் செய்திகள் எதிர்பாராமல் வருபவை அல்ல. ஜனவரி முதல் வாரத்தில் உள்நாட்டு உற்பத்தியின் முதல் முன்கூட்டிய மதிப்பீடு, மாத இறுதியில் தலைமைப் பொருளாதார ஆலோசகரின் மேற்பார்வையில் தயாராகும் பொருளாதார ஆய்வறிக்கை, பிப்ரவரி 1இல் பட்ஜெட், அதை அடுத்து மாநில நிதிநிலை அறிக்கை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் பன்னாட்டு நிதியத்தின் உலகப் பொருளாதார அறிக்கை, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பணக் கொள்கை. இவற்றைச் சுவர் நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து, அறிக்கை வருவதற்கு முந்தின நாள் குறிப்பேட்டின் இடப்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். மறுநாள் வரும் செய்தி உங்களுக்குப் பாதி தெரிந்த செய்தியாக இருக்கும்.

அன்றாடப் படிப்புக்கு நாற்பது நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். ஒரு செய்தித்தாள், பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் வெளியீடு, ரிசர்வ் வங்கியின் அறிக்கை ஆகிய மூன்றுக்கு மேல் மூலங்களைச் சேர்ப்பதால் குழப்பமே கூடும். கைப்பேசிக் குழுக்களில் சுற்றும் தொகுப்புகளில் திருத்தத்துக்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் கலந்து கிடக்கும். அவற்றை மூல அறிக்கையோடு ஒப்பிடாமல் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

ஒன்பதாம் படி: வினாவை நீங்களே அமைத்தல்

வாரத்துக்கு ஒருமுறை, படித்த செய்திகளிலிருந்து ஐந்து கூற்று வினாக்களை நீங்களே எழுதுங்கள். சரியான கூற்றை எடுத்து ஒரே ஒரு சொல்லை மாற்றித் தவறாக்கிப் பாருங்கள்: பணவீக்க இலக்கைத் தீர்மானிப்பது ரிசர்வ் வங்கி, மொத்த விலைக் குறியீட்டில் சேவைகளும் அடங்கும், செஸ் வருவாய் மாநிலங்களுடன் பகிரப்படும். வினா அமைப்பவர் எங்கே கை வைப்பார் என்பதை இந்தப் பயிற்சி கற்றுத் தருவதுபோல் மாதிரித் தேர்வுகள் கற்றுத் தருவதில்லை. கூட்டாகப் படிப்பவர்கள் இந்தத் தாள்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

தேர்வுக்கு முந்தைய முப்பது நாளில் புதிய பாடம் எதையும் தொடங்க வேண்டாம். குறிப்பேட்டின் இடப்பக்கங்களை இருமுறை படித்து முடித்த பிறகு, வலப்பக்கங்களில் உள்ள பென்சில் எண்களை மட்டும் ஒரு தாளில் திரட்டுங்கள்: ரெப்போ, ரொக்க இருப்பு விகிதம், நீர்மை விகிதம், கடைசி மாதப் பணவீக்கம், நடப்பு ஆண்டு வளர்ச்சி மதிப்பீடு, நிதிப் பற்றாக்குறையின் இலக்கு, நெல்லின் ஆதரவு விலை, முக்கிய அமைப்புகளின் தலைவர்கள். இருபது, இருபத்தைந்து வரிகளுக்குள் அடங்கிவிடும் அந்தத் தாளைத் தேர்வுக்கு மூன்று நாள் முன்பு மூல அறிக்கைகளோடு கடைசியாக ஒருமுறை சரிபார்த்து, மாறியிருக்கும் எண்ணை மட்டும் மையால் திருத்திக்கொள்ளுங்கள்.